ஐந்து வரை எண்ணியவர்

டயர் கடையில் எல்லோருக்கும் அவர் 'பாக்ஸர்'தான். இளவயதில் பதினோரு போட்டிகளில் மோதி ஒன்பதில் ஜெயித்தவர். லாரிச் சக்கரத்தைக் கழற்றும்போதுகூட இடது காலை முன்னால் வைத்துத்தான் நிற்பார். "யாரு மூக்கை உடைக்கப் போறீங்க?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தால், "டயருக்கு ஏதுப்பா மூக்கு?" என்பார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷன்.

சாயங்காலங்களில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுத்தார். "மூணு மாசம் ஒழுங்கா வாங்கம்மா. அப்புறம் எவன் வாலாட்டுறான்னு பாத்துடலாம்" என்று மார்தட்டுவார். தையல் கடை வைத்திருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "இவரு வாய்க்கே தனியா ஒரு கோப்பை கொடுக்கணும்."

போன வருடம் ஒருநாள், பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தபோது ஒருவன் மனைவியின் கைப்பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. பாக்ஸர் அவன் தாடையில் விட்டார் ஒரு குத்து. அடி என்றால் அடி, அப்படியோர் அடி. ஆள் மடங்கி விழுந்தான்.

அங்கேதான் வந்தது வினை. போட்டியில் எதிராளி விழுந்தால் விலகி மூலைக்குப் போய்விட வேண்டும். நடுவர் எண்ணுவார். அவன் எழுந்தால்தான் மறுபடி சண்டை. பதினாறு வயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன பழக்கம். பாக்ஸர் நாலு எட்டு பின்னால் போய், விளக்குக் கம்பத்தை ஒட்டிக் கையைத் தொங்கவிட்டு நின்றார். அவளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாமா? அட, ஒரு சத்தமாவது போட வேண்டாமா? பாவி மனுஷன், மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து சிதறிய சாமான்களைப் பொறுக்கக் குனிந்தாள். ஐந்து எண்ணும்போது அவன் எழுந்தான். கையில் செங்கல் இருந்தது.

அவளுடைய வலது கண் போய்விட்டது. தையல் கடையை மூடினாள். அவர் வகுப்பை நிறுத்தினார். தெருவில், 'குத்துச்சண்டைக்காரர் பயந்து நின்னுட்டாராம்' என்று பேசினார்கள். அவள் சும்மா விடுவாளா? "உன் முன்னாடி ஒருத்தன் கல்லோட வந்தா உனக்கு நடுங்காதா?" என்று ஒருத்தியோடு சண்டைக்கே போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவளே கொடுத்த அந்தச் சாக்கில் ஒரு வருடம் ஒளிந்துகொண்டிருந்தார்.

சென்ற வாரம் பழைய மாணவிகள் இருவர் வீட்டுக்கு வந்து, வகுப்பை மறுபடி தொடங்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டுப் போனார்கள்.

"போங்களேன்" என்றாள் அவள். "இன்னும் எத்தனை நாள் மருகிக்கிட்டே இருப்பீங்க? பயம் யாருக்குத்தான் வராது? அன்னைக்கு உங்களுக்கு வந்துடுச்சு. நான் எப்பவாவது அதைக் குத்திக் காட்டியிருக்கேனா?"

இதற்கு மேலும் மறைத்தால் தான் மனுஷனே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"நான் பயப்படலைம்மா."

"பின்னே?"

"அவன் விழுந்தான்ல... எண்ணிக்கிட்டு இருந்தேன். போட்டியில நிக்கிற மாதிரி."

அவள், "நான் குனிஞ்சதைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"அவன் கல்லை எடுத்ததை?"

அவர் ஆமென்று தலையை அசைத்தார்.

"பயந்துட்டேன்னே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள்.