அப்பா அனுபவித்த ஏசி

எனக்குக் காது குத்தியது ஏழு வயதில். காது எப்போதோ தயார். வெளிநாட்டிலிருந்த மாமாவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் குத்தக்கூடாதே. "ஒந் தம்பி இவனுக்குக் குத்துவாரா, இவன் பிள்ளைக்குத்தான் குத்துவாரா?" என்ற அப்பா வழிச் சொந்தங்களின் கேலியை அம்மா வருஷக்கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மாமா வந்தார், திருச்சி நண்பரிடம் இரவல் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில். இரண்டே சீட்டு. பட்டனை அமுக்கினால் பனிக்காற்று. எங்கள் வெள்ளைக் காரிலோ கண்ணாடியை இறக்க மாவாட்டுவதுபோலச் சுற்ற வேண்டும். பின்கதவு, அப்பா வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். அன்று காலையே நான் கட்சி மாறிவிட்டேன். நம்முடையது காரே இல்லை, தகர டப்பா என்று அப்பாவிடமே அறிவித்தேன். அவர் காரைச் சமாதானப்படுத்துவதுபோல அதன் பானட்டைத் துண்டால் துடைத்தார்.

அம்மாவும் சொந்தங்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சிவப்புக் காரில் ஒரு தேங்காய் வைக்கவும் இடமில்லாததால் சீர்த் தட்டுகள் அப்பாவின் காரில் ஏறின. நான் மாமா பக்கத்தில் ராஜா மாதிரி ஏறினேன்.

அரிமளம் தாண்டிக் கோயிலுக்குத் திரும்பும் செம்மண் பாதையில், முதல் மேட்டிலேயே சிவப்புக் காரின் அடிவயிறு உரசி நின்றது. பின்னால் வந்த அப்பாவும் மாமாவும் அதைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. ஆடுகள் கொம்பு தீட்டும் பொட்டலில் இரவல் காரைத் தனியாக விடவும் முடியாது. தானே காவலுக்கு நிற்பதாக மாமா சொன்னார்.

"அப்பன் இல்லாமக் காது குத்தலாம் மாப்ள, தாய்மாமன் இல்லாம முடியுமா? இங்கிட்டு நான் பாத்துக்கிறேன். நீங்க நம்ம வண்டியில கெளம்புங்க" என்றார் அப்பா.

தகர டப்பா மேடு பள்ளமெல்லாம் எருமைபோல அசைந்து அசைந்து ஏறியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா எவ்வளவு இழுத்தும் பின்கதவு திறக்கவில்லை. "அவுக எங்க?" என்று கேட்டபடி வந்த அம்மா, அதே தட்டுத் தட்டினார். திறந்தது. சீர்த் தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்க, அம்மா, கேலி பேசிய சொந்தங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக மாமா மடியில் உட்கார்ந்து ஊர் கேட்க அலறினேன். காதில் ஊசி, முதுகில், மாமா சட்டைப்பையிலிருந்த சிவப்புக் காரின் சாவி. இரண்டும் சேர்ந்து குத்தின.

திரும்பி வந்தபோது அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காருக்கு வெளியே நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண்மாயில் ஒரு முங்கு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கள அனுப்பிட்டு நீங்க மட்டும் ஏசியில இருந்தீங்கல்ல?" என்று சண்டைக்குப் போனேன்.

"ஆமாடா, சில்லுன்னு இருந்துச்சு" என்றவர், என் முகவாயைப் பிடித்துத் திருப்பி இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார்.

மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டியிருந்த சிவப்புக் காரைத் திறந்தார். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்பா மறுபடி முந்திக்கொள்வதற்குள் அந்தச் சீட்டைப் பிடித்தாக வேண்டுமே என்று அவர் கையை உதறிவிட்டு ஓடினேன்.