சாயம் போடாத பை

சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன், இது நடந்ததுதான். பேய் பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற குடும்பம் எங்களுடையது. அதிலும் என் அக்காவுக்குப் பேயிடம் பயமே கிடையாது. அவளுடைய பயமெல்லாம் பொம்பளைகளிடம்தான். அதுவும் அத்தானிடம் நின்று நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிற பொம்பளை என்றால், அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரமெல்லாம் டமார் டமார் என்று விழும்.

அத்தான் தோல் வேலைக்காரர். பை, பர்ஸ், பெல்ட் என்று எது கேட்டாலும் ஆளுக்குத் தகுந்த மாதிரி அளவெடுத்துக் கையாலேயே தைத்துக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். தோள்பை என்றால் வார் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தோளிலிருந்து இடுப்புவரை நாடா பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த நாடாவை அக்காதான் பிடிப்பாள். அத்தான் தள்ளி நின்று எண்ணைக் கேட்டுக்கொள்வதோடு சரி. கல்யாணமான முதல் மாதமே அக்கா போட்ட சட்டம் அது. இத்தனைக்கும் அத்தான் இருக்கிற இடம் தெரியாத மனுஷன். "அப்படிப்பட்டவங்களைத்தாண்டி நம்பவே கூடாது" என்பாள் என்னிடம்.

அவளுக்கு இன்னொரு குமுறலும் உண்டு. ஊருக்கெல்லாம் பை தைக்கிற மனுஷன் அவளுக்கென்று ஒரு சின்னப் பர்ஸ்கூடத் தைத்துத் தந்ததில்லை. கேட்டால், "கையில இருக்கற வேலை முடியட்டும்" என்பார். அந்த வேலை முடிந்ததே இல்லை. தோல்காரர் பெண்டாட்டி ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கையுறைக்காரர் வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். சுத்தமான சட்டை, மெல்லிய குரல். மனைவிக்கு ஒரு பை வேண்டும், சாயம் போடாத தோலில் வேண்டும் என்றார்.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க, அளவெடுக்கணும்" என்றாள் அக்கா.

"அவளால வர முடியாதும்மா."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தார். சாம்பல் நிறத் துணிக் கையுறை. இடது கை. நீள நீளமான விரல்கள்.

"கைப்பிடி இந்தக் கைக்குச் சரியா உக்காரணும். அது போதும்."

அத்தான் அந்தக் கையுறைக்குள் பஞ்சை அடைத்தார். பிறகு கைப்பிடித் தோலைச் சீவி இழைப்பதும், அந்தப் பஞ்சு விரல்களைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிப் பார்ப்பதும், பிரிப்பதும், மறுபடி இழைப்பதுமாக உட்கார்ந்திருந்தார். தினமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. பஞ்சுக் கைதான், இருந்தாலும் எரிந்தது.

"ரொம்பத்தான் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கறீங்க."

"அளவும்மா" என்றார் அத்தான், நிமிராமல்.

பை முடிந்தது. அதைப் போல ஒன்றை அத்தான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அக்காவே ஒத்துக்கொண்டாள்.

சாயம் போடாத தோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதில் அது கோதுமை மாவு மாதிரி வெளுத்திருக்கும். வெறுங்கை பட்டுப் பட்டுத்தான் பழுப்பேறும். அந்தப் பழுப்பு வாங்கியவருடைய கையால்தான் ஏற வேண்டும், அதற்காகத்தான் ஆட்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் அத்தான் கைப்பிடியைத் தொடவே மாட்டார். அடியில் கைகொடுத்துத் தூக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு அலமாரித் தட்டில் வைத்துவிடுவார். இதையும் அப்படித்தான் வைத்தார்.

கையுறைக்காரர் சொன்ன நாளில் வரவில்லை. இரண்டு வாரம் போனது. தூசி தட்டும்போது அக்கா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள்.

கைப்பிடியில் பழுப்பு ஏறியிருந்தது.

லேசாக அல்ல. பல மாதம் பிடித்துப் பழகிய கைப்பிடி மாதிரி. நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். அக்கா அதன்மேல் படாமல் தன் கையை நீட்டிப் பார்த்தாள். அவளுடையது குட்டைக் கை. அத்தானுடையது முறம் மாதிரி. இது மெலிந்து நீண்ட கை.

"யாரு அவ?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"எவ?"

"நான் உள்ள தூங்கறப்ப இங்க வந்து பையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறாளே, அவ!"

"உளறாதே. இங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு வர்றா?"

அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை.

மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண்ணயர்வது அக்காவின் வழக்கம். மறுநாள் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். அத்தான் கை கழுவக் கொல்லைப் பக்கம் போன நேரம் பார்த்துப் பூனை மாதிரி பட்டறைக்குள் நுழைந்தாள். மூலையில் பெரிய பெரிய தோல்கள் தொங்கும். அவற்றின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். பிடித்தால் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாக முடிவே செய்திருந்தாள்.

அத்தான் வந்தார். தெருக்கதவைத் தாழிட்டார். பலகையில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்.

சர்ர்ர்... சர்ர்ர்... மெழுகு நூல் தோலுக்குள் ஏறி இறங்கும் சத்தம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. நேரம் மூன்றைத் தொட்டது.

அத்தான் தையலை நிறுத்தாமல் சொன்னார்.

"இன்னிக்கு நேரமாயிடுச்சு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் ஒளிந்திருப்பது தெரிந்துவிட்டதா? இல்லை. அவர் முகம் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டில் சின்னச் சிரிப்பு.

"இந்தத் தோல் கொஞ்சம் முரண்டு பண்ணுது. நேத்திக்கு மாதிரி இல்ல."

அந்தக் குரலை அக்கா கேட்டு வருஷக்கணக்கு ஆயிற்று. அவள் எதிரில் உட்கார்ந்தால் 'ம்' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுஷன் அவர். யாரிடம் பேசுகிறார்? தாழ் போட்ட கதவு. வீட்டுக்குள்ளிருந்து வரவும் வேறு ஆள் கிடையாது. அறையில் ஒருவரும் இல்லை.

அத்தான் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினார்.

"மெழுகு."

மெழுகுக் கட்டி மேசையின் மறுகோடியில் இருந்தது.

இருந்தது...

அடுத்த கணம் அங்கே இல்லை. அவர் உள்ளங்கையில் இருந்தது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அலமாரியைப் பார்த்தாள்.

வெள்ளைத் துணி அவிழ்ந்து கிடந்தது.

பையின் கைப்பிடி நிமிர்ந்து நின்றது. எந்தத் தோல் கைப்பிடியும் தானாக நிற்காது. துவண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இது நின்றது.

பிடித்திருப்பது போல...

"யார்கிட்ட பேசறீங்க?" அக்கா கத்திவிட்டாள்.

கைப்பிடி தொப்பென்று சாய்ந்தது.

அத்தான் மூலையில் எழுந்து நின்ற அக்காவைப் பார்த்தார். மெதுவாகக் கழுத்தைத் திருப்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ... அங்கயா இருந்தே?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா என் பின்னாடி நின்னது?"

அக்கா அலமாரியைக் காட்டினாள்.

"நீதான்னு நெனச்சேன். மத்தியானம் ஆனா வந்து நிக்கும். பேசாது. கேட்டதை எடுத்துத் தரும். உனக்குக் கோபமெல்லாம் போயிடுச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்..."

அந்த வாரமே கையுறைக்காரர் வந்தார். வராததற்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார். அக்கா பையை அவர் முன்னால் வைத்துக் கைப்பிடியைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவர் அந்தப் பழுப்பின்மேல் தன் விரலை வைக்கப் போய் எடுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அவ போய் மூணு வருஷம் ஆச்சும்மா. எனக்குன்னு அளவெடுத்து ஒண்ணாவது செஞ்சு குடுத்திருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் காதுல போட்டுக்கல."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? எனக்குப் போன் போட்டுச் சிரித்தாள். "செத்தவளாம்டி! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள். பேய் என்றதும் அவளுக்கு உயிரே வந்துவிட்டது. சக்களத்தி இல்லை, அதுவே போதும். அதற்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அத்தானும் பழையபடி ஆனார். இல்லை, பழையதைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஆனார். வேலை செய்யும்போது பாட்டெல்லாம் முணுமுணுத்தார். உடைக்குமேல் கட்டிக்கொள்ளத் தனக்கென்று சாயம் போடாத தோலில் ஓர் ஏப்ரன் தைத்துக்கொண்டார். இரண்டு தோளையும் மூடுகிற அகல வார் வைத்தது.

நாலைந்து மாதம் கழித்துக் கையுறைக்காரரிடமிருந்து போன் வந்தது. அக்காதான் எடுத்தாள்.

"பையை அவ நாற்காலியில வெச்சிருக்கேம்மா" என்றார். "தினமும் எடுத்துப் பாக்கறேன். அன்னிக்கு இருந்த பழுப்பு அப்படியேதான் இருக்கு. இம்மிகூடக் கூடல. ஒரு நாளும் அவ வரலம்மா."



"உயிரோட இருந்தப்பவே இந்த வீட்டுல இருக்க அவளுக்குப் பிடிக்காது" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அங்க... வர்றாளா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா.

போனை வைத்துவிட்டுப் பட்டறை வாசலில் வந்து நின்றாள். அத்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். சர்ர்ர்... சர்ர்ர்... ஜன்னல் வெயில் அவர் தோளில் விழுந்திருந்தது.

இடது தோள் வாரில் பழுப்பு.

நெருங்கிப் போய்ப் பார்த்தாள். நீள நீளமான நான்கு விரல்கள் முன்பக்கம் மடிந்திருந்தன. கட்டைவிரல் முதுகுப் பக்கம். பின்னால் நின்று உரிமையோடு தோளில் கை வைத்தால் எப்படிப் பதியுமோ அப்படி.

"தோள்ல என்னங்க அது, கறை?"

"எது?" என்றார் அத்தான்.

அவர் திரும்பவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு வலது கையைத் தூக்கி, சரியாக அந்த இடத்தில், யாருடைய கையையோ மூடுவது போல மெல்ல வைத்து மூடிக்கொண்டார்.