ஒரு படம் பின்னால்

பேச்சு டீச்சர் என்றுதான் மருத்துவமனையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். நாலாம் மாடியில், லிஃப்டை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைப் பேசவைப்பது வேலை. நோயாளியிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் உயரும்.

பதினைந்து வருடம் ரிப்போர்ட் எழுதி விரல் மரத்துப்போனவள். அதற்கொரு மென்பொருள் வேண்டும் என்று நிர்வாகத்தை நச்சரித்தவளும் அவள்தான். வந்தது. திரை படம் காட்டும். நோயாளி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவே கேட்டு, மார்க் போட்டு, ரிப்போர்ட்டும் எழுதிவிடும். அவளும் மதியச் சாப்பாட்டை மதியத்திலேயே சாப்பிட்டாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தையல்காரனான என் தம்பிக்குப் பேச்சு நின்ற மூன்றாம் மாதம் அந்தப் பரீட்சை. அன்று அவள் விடுப்பு. உதவியாளர் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டார். இருபது படத்தில் ஒன்றுகூடச் சரியில்லை, இனிச் சிகிச்சையால் பலனில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மேலாளர் அவனுடைய செவ்வாய்க்கிழமை நேரத்தைத் தூக்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவள் எனக்கு அதைப் படித்துக் காட்டும்போதே முகம் சிவந்தது. "கத்தரிக்கோல், தவறாம்! முப்பது வருஷம் துணி வெட்டினவருக்கா? உக்காருங்கம்மா. இதை நானே கேக்கணும்."

மென்பொருள் எடுத்துவைத்திருந்த பரீட்சைப் பதிவை ஓடவிட்டாள். குடை வந்தது. மௌனம். எட்டு வினாடியில் அது போய்ச் சீப்பு வந்தது. அப்போதுதான் தம்பி குரல்: "கு...டை." சீப்பு போய்ச் சாவி வந்தது. "சீப்...பு."

"ஐயோ, மனுஷன் ஒரு படம் பின்னாலயே வந்திருக்காரும்மா! பதினாலு சரியா சொல்லியிருக்காரு!"

தம்பியின் சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். எட்டு வினாடி போதாது, நேரத்தை நீட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னாள்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் வெச்சுக்கலாமே," என்றார் அவர்.

"இப்ப வர்ற பேச்சை விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு எங்க போய்த் தேடறது சார்?"

"இந்த சாஃப்ட்வேர் வேணும்னு நீங்கதானே நின்னீங்க?"

"ஆமா, நான்தான். என் கைக்கு ஓய்வு வேணும்னேன். என் காதைக் கழட்டி வெச்சிட்டுப் போறேன்னா சொன்னேன்?"

"நேரத்தை நீட்டினா ஒரு நாளைக்கு ஒம்பது பேரை எப்படிப் பாப்பீங்க?"

"பாக்க மாட்டேன். ஆறு பேர்தான்."

அவர் மேசையிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, எட்டு வினாடிக் கணக்கை எடுத்துவிட்டுப் பரீட்சையை மறுபடி வைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தம்பியின் வாயைப் பார்த்தாள். இருபதுக்குப் பதினாறு. செவ்வாய்க்கிழமை திரும்பக் கிடைத்தது.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கோபம் தணியவில்லை. அறைக்கு வந்து, அந்த மென்பொருள் 'பலனில்லை' என்று எழுதிய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்தாள். தம்பியுடையது போகப் பதினொன்று. அத்தனையிலும், பதிவைக் கேட்காமலே போட்ட அவள் கையெழுத்து இருந்தது.

பிறகு ஃபோனை எடுத்தாள்.

"ஐயா, உங்க வீட்டம்மாவ மறுபடி கூட்டிட்டு வர முடியுமா? அவங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது."