லிஃப்ட்காரரின் ஓட்டு வேட்டை

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பேசுவதையெல்லாம் தன் வலைப்பூவில் எழுதி வந்தார். பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் தம்பி ஒரே லிஃப்ட்டில் சிக்கி, அழுது ராசியாகி, கதவு திறந்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது போன்ற சங்கதிகள். படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

அந்த வலைப்பூவை அவருடைய மச்சினி ஓர் இணையப் போட்டியில் சேர்த்துவிட்டாள். ஒருவர் தினம் ஓர் ஓட்டுப் போடலாம்; ஓட்டு அதிகம் விழுகிறவருக்கு முதலிடம்.

"எழுதறதுக்கு எதுக்கும்மா தேர்தல்? எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றவர், சாப்பிட உட்காருவதற்குள் நிலவரம் பார்த்துவிட்டார். நான்காவது இடம். மூன்றாவதை எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது. அந்த நப்பாசைதான் ஆளைக் கெடுத்தது.

அதன்பின் எதிரில் வந்தவர்களெல்லாம் வாக்காளர்கள். பல் டாக்டரிடம்கூட, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஓட்டு கேட்டார். கேட்டு முடித்ததும் உடம்பு கூசும். "பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் புலம்புவார். புலம்பிய கையோடு பெரியப்பா மகனுக்குப் போன் போடுவார்.

ஒருநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரே ஒருவர்.

"பயப்படாதீங்க சார், இதோ திறந்துடறேன்" என்று வழக்கம்போல் தைரியம் சொன்னவர், ஒயரைச் சரிபார்த்தபடியே, "இன்டர்நெட்ல ஏதாச்சும் படிப்பீங்களா சார்?" என்றார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். ஒரு சின்ன ஓட்டு."

உள்ளிருந்தவர் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, "போட்டாத்தான் கதவைத் திறப்பீங்களா?"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார்."

"பரவால்ல, போடறேன். எங்க வீட்ல எல்லாரையும் போடச் சொல்றேன். முதல்ல வெளிய விடுங்க."

மறுநாள் அவருடைய கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். "ஆளை அடைச்சு வச்சு ஓட்டு வாங்கறீங்களாமே?"

காது மடல் சுட, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். முதலிடத்தில் இருந்தது ஒரு பூனை வளர்க்கும் அம்மாளின் வலைப்பூ. "அப்படி என்ன எழுதிக் கிழிச்சிட்டாங்கன்னு பாக்கறேன்" என்று உட்கார்ந்தார். அந்தப் பூனைக்கு அம்மாளின் கணவரைக் கண்டாலே ஆகாது. அவர் ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஷூவுக்குள் புகுந்து தூங்கிவிடும். கணவர் செருப்போடு ஆபீஸ் போவார். லிஃப்ட்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைய ஓட்டைப் பூனைக்கே போட்டார்.

"என் ஓட்டைப் பூனைக்குக் குத்திட்டேன்" என்றார் மனைவியிடம், தியாகம் செய்த தோரணையில்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் ஆரம்பத்துலேருந்து அதுக்குத்தான் போடறேன்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் என் தங்கச்சி போடறாளே."

முடிவு வந்தபோது அவர் ஆறாமிடம். பாரம் இறங்கியதா, மனசு விட்டுப்போனதா என்று அவருக்கே பிடிபடவில்லை. பூனை ஜெயித்ததில் மனதார சந்தோஷம். ஐந்தாமிடத்தைப் பிடித்த தோட்டக்காரர் மேல்தான் இன்றுவரை கோபம் ஆறவில்லை.