நாலாவது மைக்

இன்னிக்கு குன்னூர்ல ஸ்டீபன் அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். எங்க சர்ச்சுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் பாக்கறது அவர்தான்.

போன டிசம்பர்ல பாடகர் குழு பிராக்டிஸை நாலு மூலையில நாலு மைக் வெச்சு ரெக்கார்டு பண்ணியிருந்தார். நாலாவது மைக்கிட்ட நின்னது எங்கம்மா. அம்மா இறந்து ஒரு மாசம் ஆச்சு.

ரூமைச் சுத்தி நாலு மூலையிலயும் ஸ்பீக்கர் வெச்சு அந்த ஃபைலைப் போட்டார். மத்த எல்லார் குரலும் வந்துச்சு. அம்மா குரலைக் காணோம். தரையில இருந்த பேஸ் பாக்ஸ் மட்டும் லேசா உறுமுச்சு.

"தப்பு என்னுதுங்க. எந்த மைக்கோட சேனல் எந்த ஸ்பீக்கருக்குன்னு ஃபைல்ல எழுதாம விட்டுட்டேன். எழுதலைன்னா நாலாவதைக் கம்ப்யூட்டர் அதுவா பேஸ் பாக்ஸுக்குத் தள்ளிடுது. அதுல குரல் வராது, அடிச் சத்தம் மட்டுந்தான்."

சரிங்கண்ணான்னேன்.

"அம்மா எங்கீங்க நின்னாங்க?"

"பின்னால இடது ஓரம், கதவுப் பக்கம். டீ ஃபேக்டரி ஷிப்டுக்குப் பாதியில கிளம்பணும்."

அதை டைப் பண்ணி மறுபடி போட்டார். என் முதுகுக்குப் பின்னால, இடது பக்கம், அம்மா பாடுனாங்க. நான் திரும்பல.

கடைசிச் சரணத்துல அந்தக் குரல் இல்ல. ஷிப்டுக்குக் கிளம்பிட்டாங்க.

உங்க ஊட்டுல யாரு எங்க நிப்பாங்கன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா? சும்மா கேக்கறேன்.