வெறும் வயிறு என்றால் தேத்தண்ணியும் இல்லை: உடப்பிலிருந்து புத்தளத்துக்கு ஒரு ஸ்கேன் பயணம்

ஊரில் "கொழுப்புப் பிடிச்சவள்" என்று பெயர் எடுத்தது நான். இரத்தப் பரிசோதனையில் மாட்டியது அப்பா. கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம், ஸ்கேன் செய்தால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும் என்றார்கள். அதற்காகத்தான் போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை புத்தளம் போனோம். அப்பா சாராயத்தைத் தொடாதவர். வருடா வருடம் விரதமிருந்து தீமிதிப்பவர். பெரியப்பாவும் அப்படித்தான் இருந்தார். கல்லீரல் சுருங்கி, வயிறு வீங்கித்தான் செத்தார்.

காலை 5.40க்கு ஓட்டோ. பத்துளுஓயாச் சந்திவரை ஆறு கிலோமீட்டர், 600 ரூபாய். பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது. அப்பா நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னவங்க அப்பா!"

"வெறும் வயிறுதானே. தேத்தண்ணி என்ன சாப்பாடா? அம்மன் விரதத்துக்கே குடிக்கிறம்."

எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். விரதகாரர் சோற்றைத் தொடமாட்டார். சீனி போட்ட தேத்தண்ணி விரதத்தை முறிக்காது. கடலுக்குப் போகிறவர்களும் போத்தலில் அதைத்தான் கொண்டுபோவார்கள், கடிக்க வெள்ளை மாவுப் பாணோ பணிஸோ.

"அம்மன் மன்னிப்பா. மெசின் மன்னிக்குமா?" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே குடித்தார்.

பஸ் 6.15க்கு, ஆளுக்கு 150 ரூபாய். இடப்பக்கம் இருங்கள்: முந்தலில் கடல்நீர்க் களப்பு தெரியும், பாலாவி தாண்டினால் உப்பு வயல்கள். அப்பா எதையும் பார்க்கவில்லை. 7.25க்குப் புத்தளத்தில் இறங்கியதும் இன்னொரு தேத்தண்ணி.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தாதி மிஸ் கேட்டார்: "ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல மிஸ்." அப்பா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது உண்மை.

"ரெண்டு தேத்தண்ணி மிஸ். ஒவ்வொண்டுலயும் மூண்டு கரண்டி சீனி," என்றேன்.

"அவள் சும்மா பகிடி விடுறாள்..." என்று தொடங்கிய அப்பா, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். வயிறு வெறுமையாகட்டும் என்று பகல் ஒன்றரைவரை வெளியே மர வாங்கிலேயே இருக்க வைத்தார்கள்.

ஸ்கேன் முடிந்து டொக்டரிடம் போனோம். இளம் பெண், தலையில் முக்காடு, அவசரமில்லாத குரல். "ஒரு நாளைக்கு எத்தின தேத்தண்ணி?"

"மூண்டு... நாலு."

"பதினொண்டு," என்றேன்.

அப்பாவைக் கேலி செய்ய, ஒரு நாள் முழுக்க அவர் குடித்த ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் குசினிக் கதவில் கரியால் கோடு போட்டிருந்தேன். அவர் பிறந்தநாளன்று எல்லாருக்கும் காட்டப் போனில் படமும் எடுத்திருந்தேன். அதை டொக்டரிடம் நீட்டினேன். அவர் கோடுகளை எண்ணினார். யாரும் சிரிக்கவில்லை.

"குடலுக்குள்ள கோடிக்கணக்குல பக்டீரியா இருக்குது," என்றார் டொக்டர். "நாங்க தின்றதுதான் அதுகளுக்கும் சாப்பாடு. கீரை, பயறு, தவிட்டோட அரிசி குடுத்தா நல்லதுகள் பெருகும். சீனியும் வெள்ளை மாவுமே போனா கூடாததுகள் பெருகும், குடல் சுவர் பலமில்லாமப் போகும். அதுகள்ட கழிவு இரத்தத்தோட நேரா ஈரலுக்குத்தான் போகுது. மிஞ்சின சீனியையும் ஈரல் கொழுப்பாக்கி வைக்கும்."

"குடிக்காதவனுக்கும் வருமா?" என்று கேட்டார் அப்பா. "எங்கட அண்ணனும் குடிக்கேல்ல."

"ஓம், வரும். உங்களுக்கு இப்ப கொழுப்பு மட்டுந்தான். தழும்பு ஒண்டும் தெரியேல்ல. இப்பவே மாத்தினா ஈரல் தேறும்."

பின்னேரம் பஸ்ஸில் திரும்பினோம். பத்துளுஓயாவில் கடைக்காரர் எங்களைக் கண்டதும் சீனிக் கரண்டியை எடுத்தார்.

"சீனி வேணாம்," என்றார் அப்பா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அடியே, இதுவும் உன்ட பகிடியா?"

"இல்ல மாமா."

போகிறவர்களுக்கு: முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம், மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிப்போட்டுகளைக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நோயாளி உண்மை சொல்லமாட்டார் என்றால், வீட்டில் உள்ள வாயாடியைக் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதவைத் துடைக்க ஈரத்துணி எடுத்தேன். "விடு," என்றார் அப்பா. அடுப்படியில் ஒரு கரித்துண்டைப் பொறுக்கி, பழைய பதினொன்றுக்குக் கீழே, அன்று காலை குடித்ததற்கு இரண்டு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்து, திரும்பும்போது பத்துளுஓயாவில் சீனியில்லாமல் குடித்ததற்கும் ஒன்று போட்டார்.