தப்பே செய்யாத இன்ஜினியர்

என் வீட்டுக்காரர் பம்ப் இன்ஜினியர். தண்ணீரை எத்தனை மாடிக்கு ஏற்றச் சொன்னாலும் ஏற்றிவிடுவார். பேச்சைத்தான் தொண்டைக்கு மேல் ஏற்றத் தெரியாது. பதினாறு வருடம் ஒரே ஃபேக்டரியில் இருந்தவர், "நம்ம அனுபவத்துக்கு வெளிநாட்டுல ரத்தினக் கம்பளம் விரிப்பான்" என்று என்னையும் பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். வந்து இறங்கிய இடத்தில் யாரும் ஒரு மிதியடிகூட விரிக்கவில்லை.

வேலை தேட ஆறு மாதம் அனுமதி. அதற்குள் கிடைக்காவிட்டால் மூன்று பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஐந்து மாதம் முடிவதற்குள் மூன்று இன்டர்வியூ போய், மூன்றிலும் ஊற்றிக்கொண்டது. மூன்றாவது தடவை திரும்பி வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"அப்படி என்னதாங்க கேக்குறாங்க?"

"கணக்கு, டிசைன் எல்லாம் டாண் டாண்னு சொன்னேன். கடைசியில, 'வேலையில நீங்க பண்ணின பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க'ன்னான்."

"என்ன சொன்னீங்க?"

"தப்பே பண்ணினதில்லைன்னேன்."

"முன்னாடி ரெண்டு இடத்துலயும்?"

"அதே கேள்வி, அதே பதில்." நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய ஃபேக்டரியில் காலையில் தப்பை ஒத்துக்கொண்டால் சாயங்காலம் மெமோ வந்துவிடும். அதனால் அங்கே யாரும் எண்ணெயைக் கொட்டமாட்டார்கள். "எண்ணெய் கொட்டியிருக்கு சார்" என்பார்கள். கொட்டியது யாரென்று அந்த எண்ணெய்க்குத்தான் தெரியும். அப்படிப் பிழைத்த மனுஷன் திடீரென்று எப்படி வாயைத் திறப்பார்?

"அப்பா, இங்க தப்பைச் சொன்னாத்தான் நம்புவாங்க. எங்க ஸ்கூல்லகூட வாராவாரம் எழுதச் சொல்றாங்க" என்றாள் பெண்.

"உங்க ஸ்கூல்ல பம்பா செய்யறாங்க?"

இருந்தாலும் ராத்திரி பகலாக யோசித்து ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். "சில நாள் சாப்பிடக்கூடப் போகாம வேலை பாத்திருக்கேன். இதைச் சொல்லட்டுமா?"

"இது தப்பு இல்லீங்க, பொய். பன்னெண்டரை மணிக்கு மேல உங்க வயிறு எவன் பேச்சைக் கேக்கும்?"

நாலாவது இன்டர்வியூ வீடியோவில். விட்டால் அடுத்ததற்கு நாள் கிடையாது. எங்கள் ஒற்றை அறையில் கறை இல்லாத சுவர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் முன்னால் இஸ்திரிப் பலகையை விரித்து, லேப்டாப்பை அதன்மேல் வைத்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பலகைக்கு ஒரு கால் ஆடும். பெண் தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு, கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று உத்தரவு.

திரையில் வெள்ளை முடி வைத்த ஒரு மேனேஜர் அம்மாள். முக்கால் மணி நேரம் மனுஷன் வெளுத்து வாங்கினார். பிறகு வந்தது அந்தக் கேள்வி. இவர் கூரையைப் பார்த்தார். "அப்படி எதுவும் ஞாபகம் வரலை மேடம்" என்றார் இங்கிலீஷில். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

"ஞாபகம் வரலையா! நம்ம மொட்டைமாடி டேங்க் ஞாபகம் வரலையா?" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மாள் திடுக்கிட்டு, யார் அது, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல மேடம், கிச்சன்" என்றார் இவர். அதற்குள் பலகைக்கு அடியிலிருந்து பெண் தலையை நீட்டி, நான் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டாள். மேற்கொண்டு சொல்லச் சொல்லி அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

நான் கரண்டியோடு போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். "தண்ணி மட்டம் பாக்குற சுவிட்ச்சைத் தலைகீழா மாட்டிட்டாருங்க. டேங்க் ரொம்பினா மோட்டார் ஓடும், காலியானா நின்னுடும். மேல் மாடிக்காரர் மெத்தை நனைஞ்சு போச்சு. இவர் அவர் வீட்டுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு, டிராயிங் சரியாத்தான் இருக்குன்னு ரெண்டு நாள் சாதிச்சார்."

"ரெண்டு நாள் இல்ல! ஒண்ணரை நாள்!" என்று பாய்ந்தார் இவர். வாய் திறந்ததும் அடைப்பு எடுத்த குழாய் மாதிரிக் கொட்டினார். எங்கே தப்பு நடந்தது, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, மெத்தைக்காரரிடம் எப்படி மன்னிப்புக் கேட்டார், எல்லாம். "அன்னையிலேருந்து டேங்க் ரொம்பியிருக்கும்போது ஒரு தடவை, காலியா இருக்கும்போது ஒரு தடவை ஓட்டிப் பாக்காம எந்தப் பம்புக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் மேடம்."

நான் சொன்ன கதையை இங்கிலீஷில் சொல்லும் ஜோரில் பெண் பலகைக் காலை விட்டிருந்தாள். பலகை சாய்ந்தது. லேப்டாப் சறுக்கி இவர் மடியில் மல்லாந்தது. அதற்குள்ளிருந்து அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"மானத்தை வாங்கிட்டே" என்று சொன்னவர்தான், அப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிகளைக் கீழே இறக்கித் தூசி தட்டி வைத்தேன்.

ஐந்தாம் நாள் வேலை உத்தரவு வந்தது. மூன்று தடவை படித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"சேர வேண்டிய தேதியில போன வருஷத்தைப் போட்டிருக்காங்க. பெரிய தப்பு."

"முதல்ல கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க" என்றேன். "அவங்கதான் தப்பை ஒத்துக்கற ஆளுங்களாச்சே, அப்புறமா கேட்டா சந்தோஷமா ஒத்துக்குவாங்க."